நெறி கட்டியிருக்கிறது, தேள் எங்கே?

சென்னையில் தெருமுனை கிளினிக் நடத்தும் டாக்டர் ஐயாக்களுக்கும் டாக்டரம்மாக்களுக்கும்,

வணக்கம். நான் பெரம்பூரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. வைத்தியத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு எனக்கு எதுவும் தெரியாது. அளவெடுக்கத் தெரியும். என் அளவு நோட்டில் ஒரு பக்கத்தை உங்களுக்குக் காட்டத்தான் இந்த மடல்.

அது என் வீட்டுக்காரரின் பக்கம். 2022 சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காகத் தைத்த சட்டைக்குக் கழுத்து 15½ அங்குலம், பேன்ட்டுக்கு இடுப்பு 36. அதே வருஷம் தீபாவளிக்குக் கழுத்து 16¼, இடுப்பு 34. இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறேன். ஆள் இளைத்தால் கழுத்தும் கூடவே இளைக்கும். இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்தவருக்குக் கழுத்து முக்கால் அங்குலம் கூடியதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. டேப்பைத் தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக் காலரைக் கொஞ்சம் தளர்த்தித் தைத்துக் கொடுத்துவிட்டேன். தீபாவளி அவசரம், கடையில் நாற்பது ஜாக்கெட் காத்திருந்தது.

அந்த முக்கால் அங்குலம் லிம்போமா. நிணநீர்ச் சுரப்பியில், அதாவது நெறி கட்டும் இடத்தில், வரும் புற்றுநோய். எங்களுக்கு அது தெரியவந்தது 2023 ஏப்ரலில்.

‘தென்னை மரத்தில் தேள் கொட்ட, பனை மரத்தில் நெறி கட்டியதாம்’ என்று பேச்சுக்குச் சொல்வோம். காலில் ஆணி குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும், பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே கட்டும் என்பது எங்கள் பாட்டிக்கே தெரிந்த சங்கதி. நெறி கட்டினால் எங்கேயோ தேள் கொட்டியிருக்கிறது, தேளைத் தேடு. சரியான வழிதான். பெரும்பாலும் தேள் கிடைத்தும் விடும், நெறியும் தானாக வடிந்துவிடும். என் வீட்டுக்காரர் விஷயத்தில் எட்டு மாதம் எல்லாரும் தேளையே தேடிக்கொண்டிருந்தார்கள். நெறியே தேளாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எப்படித் தேடினார்கள் என்று சொல்கிறேன். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. சண்டை போட எழுதவில்லை.

முதலில் காய்ச்சல். ஆகஸ்டில் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏறும், காலையில் இருக்காது. ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டுப் போகும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் மாத்திரை வாங்கினோம், ஒவ்வொரு தடவையும் நின்றது. மாத்திரையால் நின்றதா, போகிற நேரம் வந்து தானாகப் போனதா என்று இப்போது யோசிக்கிறேன். இப்படி முறை வைத்து வந்து போகும் காய்ச்சலுக்குப் பெல்-எப்ஸ்டைன் காய்ச்சல் என்று பெயராம். 1880-களில் அதை எழுதிவைத்த இரண்டு டாக்டர்களின் பெயர். அரிதாகத்தான் வருமாம். அந்த அரிது எங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்புறம் அரிப்பு. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, ஆனால் ராத்திரியெல்லாம் முழங்காலைச் சொறிந்துகொண்டே இருப்பார். லாரித் தண்ணீர் என்றோம், சோப்பு என்றோம். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். கழுத்தில் இடது பக்கம் நெல்லிக்காய் அளவு கட்டி தெரிந்தபோது, கடைவாய்ப் பல் சொத்தையாக இருந்ததால் அதைப் பிடுங்கினார்கள். நல்ல காரியம், பல்வலி போனது. கட்டி அப்படியே இருந்தது. எடை குறைந்தபோது சுகர் பார்த்தார்கள், சுகர் இல்லை. ‘அப்படியென்றால் கவலைப்படாதீர்கள்’ என்றார்கள்.

நவம்பர் மழையில் இருமல் வந்தது. ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டதும் இருமல் போனது, காய்ச்சல் போனது, கழுத்துக் கட்டிகூட வற்றிவிட்டது! பசி எடுத்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். வடபழனி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். மாத்திரை தீர்ந்து மூன்று வாரத்தில் எல்லாமே திரும்பி வந்தது. அது ஸ்டீராய்டு மாத்திரை என்று பிற்பாடுதான் தெரிந்தது. லிம்போமா செல்களை ஸ்டீராய்டு கொஞ்ச நாளைக்குக் கரைத்துவிடும். நோய் போகாது, ஒளிந்துகொள்ளும். அந்த நேரத்தில் சதை எடுத்துப் பார்த்தால் பயாப்சியிலும் ஒன்றும் தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

ஜனவரியில் ஊசி போட்டு உறிஞ்சி ஒரு பரிசோதனை. டி.பி.யாக இருக்கலாம் என்பதுபோல ரிப்போர்ட் வந்தது. டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இரண்டு மாதத்துக்கு மேல் விடாமல் சாப்பிட்டார். கட்டி மூன்றானது.

டி.பி. என்று நினைத்ததைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். டி.பி.யை நன்றாக அறிந்த ஊர் இது. தாம்பரம் சானடோரியம் 1928-லிருந்து இருக்கிறது. டி.பி. நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தும் குணமாக்கலாம் என்று 1950-களில் உலகத்துக்கே காட்டியது மெட்ராஸில் நடந்த ஆய்வுதான். கழுத்தில் கட்டி, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு என்று சொன்னால் இந்த ஊர் டாக்டருக்கு முதலில் டி.பி. ஞாபகம் வரத்தான் செய்யும். பல பேருக்கு அது சரியாகக்கூட இருக்கும். இரண்டு நோய்க்கும் அறிகுறி ஏறக்குறைய ஒன்று.

இந்தக் குழப்பம் நேற்று வந்ததும் இல்லை. என் மகள் நர்சிங் படிக்கிறாள், அவள்தான் படித்துச் சொன்னாள். லிம்போமாவில் இவருக்கு வந்த வகையை லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்பவர் 1832-ல் முதலில் எழுதிவைத்தார், அதனால் அதற்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்றே பெயர். 1898-ல் ஸ்டெர்ன்பெர்க் என்ற டாக்டர் இதன் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தும், இது டி.பி.யின் ஒரு வகை என்றே எழுதினார். 1902-ல் டாரத்தி ரீட் என்ற இளம் டாக்டரம்மாதான், இல்லை, இது வேறு நோய் என்று காட்டினார். அந்தச் செல்லுக்கு இன்றைக்கும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்றுதான் பெயர். ‘அம்மா, நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி தீர்ந்துபோன சந்தேகம்மா இது’ என்று அவள் சொன்னபோது எனக்கு அழுகைதான் வந்தது.

ஊசி ரிப்போர்ட் ஏன் அப்படி வந்தது என்றும் கேட்டேன். ஹாட்ஜ்கின் லிம்போமாவில் கட்டி முழுக்கக் கெட்ட செல் இருப்பதில்லையாம். நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும், சுற்றிலும் இருப்பதெல்லாம் சண்டைக்கு வந்த நல்ல செல்கள். சில சமயம் டி.பி. மாதிரியே அழற்சி முடிச்சும் இருக்கும். ஒரு புடவையில் எங்கோ ஓரிடத்தில் இழை விட்டிருக்கிறது. ஒரு நூலை உருவிப் பார்த்துவிட்டுப் புடவை நன்றாக இருக்கிறது என்றால் எப்படி? புடவையை விரித்துப் பார்க்க வேண்டாமா? அதனால்தான் ஒரு நெறியை முழுதாக வெட்டி எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

எங்களுக்கு விரித்துப் பார்த்தவர், மேற்படிப்பு படிக்கும் ஒரு பி.ஜி. டாக்டரம்மா. மார்ச் கடைசியில் ஒரு அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இருந்தார். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். வெளியே வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. அவர் செய்தது இதுதான். பேனாவை எடுத்தார், ‘முதல்ல என்ன வந்துச்சு? கழுத்துக் கட்டியை விடுங்க, அதுக்கு முன்னாடி’ என்றார்.

எட்டு மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நாங்கள் அரிப்பைத் தோல் டாக்டரிடம் சொன்னோம், பல்லைப் பல் டாக்டரிடம் காட்டினோம், இருமலுக்கு வேறொருவர், காய்ச்சலுக்கு வேறொருவர். வெட்டின துண்டெல்லாம் ஆளுக்கொரு கடையில் கிடந்தது. அவர்தான் எல்லாவற்றையும் ஒரே மேசையில் போட்டார்.

அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவைதான், நீங்களும் படித்து வந்தவர்கள்தான். கேட்ட விதத்துக்காக எழுதுகிறேன்.

‘ராத்திரி வேர்க்குதா?’ என்று அவர் கேட்கவில்லை. சென்னையில் அப்படிக் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வோம். கரண்ட் போனால் சுவரே வேர்க்கும் ஊர் இது. ‘மார்கழியில ஃபேன் ஓடும்போது வேர்த்துச்சா? எழுந்து பனியன் மாத்தினாரா? தலையணை உறை நனைஞ்சுச்சா?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஆடிப்போனேன். மார்கழி முழுக்க இரண்டு மணிக்கு எழுந்து அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தவள் நான். பாயைக் காலையில் வெயிலில் போடுவேன். காய்ச்சல் விடும்போது வேர்க்கும் என்பதால் அதை நல்ல அறிகுறி என்றே நினைத்திருந்தேன். யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதில்லை.

எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டார், தெரியாது என்றோம். பையில் இருந்த பழைய சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆகஸ்ட் சீட்டில் 72 கிலோ, ஜனவரி சீட்டில் 63. ஆறு மாதத்துக்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அது ஒரு கணக்காம். காய்ச்சல் 100.4-க்கு மேல், நனைக்கும் வியர்வை, இந்த எடைக் குறைவு, மூன்றும் சேர்த்து ‘பி’ அறிகுறிகள் என்று எழுதினார். எங்கள் சீட்டிலேயே எல்லாம் இருந்தது. அப்போதுதான் நான் காலர் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாரோ என்று பயந்தேன். ‘எந்தத் தேதி அளவும்மா?’ என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் பூனை உண்டா என்றார். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, மூட்டுவலிக்கு நாள்பட்ட மருந்து ஏதாவது உண்டா, கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்ததா, வீட்டில் யாருக்காவது ரத்தப் புற்றுநோயோ லிம்போமாவோ வந்ததா என்றார். பூனை பிராண்டினாலும் நெறி கட்டும், சில வலிப்பு மாத்திரையாலும் கட்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரிடம் எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிப் பேசினார். பெண்டாட்டி எதிரில் கேட்கக் கூடாத கேள்வி எது என்று தெரிந்த டாக்டர்.

எதிரிலேயே கேட்டது ஒன்றும் இருந்தது. ‘தண்ணி சாப்பிட்டா கழுத்து வலிக்குமா?’ என்றார். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். தீபாவளியிலிருந்து ஐயா குடிப்பதையே விட்டிருந்தார், நான் அதை என் வேண்டுதலின் பலன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெக் உள்ளே போனால் கழுத்துக் கட்டி பத்து நிமிஷத்துக்குத் தெறித்து வலித்ததாம், அதனால் நிறுத்தினாராம். ஹாட்ஜ்கின் நோயாளிகளில் வெகு சிலருக்கு அப்படி வருமாம். அந்தச் சண்டையை நாங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

அப்புறம் கை. சட்டையைக் கழற்றச் சொல்லிக் கழுத்தின் இரண்டு பக்கமும், காறை எலும்புக்கு மேலே, அக்குள், தொடையிடுக்கு, இடது விலாவுக்குக் கீழே என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். முன்னால் பார்த்தவர்கள் தெரிந்த கட்டியை மட்டும்தான் தொட்டார்கள், அதுவும் சட்டை மேலேயே. அக்குளில் இரண்டு இருந்தது எங்களுக்கே தெரியாது. வலி இல்லை, ரப்பர் அழிப்பான் மாதிரி அமுங்கி நகர்ந்தது. மண்ணீரல் கையில் தட்டியது. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் தெரியும். வெளியே ஆட்கள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு கட்டியை முழுதாக எடுத்துப் பயாப்சி, அதற்கு மேல் சாயம் ஏற்றிப் பார்க்கும் இன்னொரு சோதனை, உடம்பில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன். ஹாட்ஜ்கின் லிம்போமா, மூன்றாம் நிலை. டி.பி. மாத்திரையை நிறுத்தினார்கள். மே மாதம், கத்திரி வெயிலில், முதல் கீமோ. இரண்டு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கடையை விற்காமல் தப்பித்தோம். டி.பி. மாத்திரையில் ஆரஞ்சாகப் போனது, கீமோவின் சிவப்பு மருந்தில் சிவப்பாகப் போனது. ‘அடுத்து பச்சை வந்தா சிக்னல் விழுந்துடும்’ என்பார். அக்டோபரில் கடைசி ஊசி. ஹாட்ஜ்கின் வந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகிறார்கள், மூன்றாம் நிலையில்கூட. எட்டு மாதம் தொலைத்த பிறகும் தப்பினோம் என்றால் அது அந்த நோய் காட்டிய இரக்கம்.

வார்டில் எல்லாருக்கும் அந்த இரக்கம் கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், காலையில் முகம் வீங்கியிருக்கும். ஆஸ்துமா என்று நாலு மாதம் இன்ஹேலர். ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் நெஞ்சுக்கு நடுவே இருந்த கட்டி அன்றைக்கே தெரிந்திருக்கும். எதிரில் ஒரு தாத்தா, அவருக்கு வந்தது இன்னொரு வகை. கட்டி வயிற்றுக்குள் இருந்ததால் வெளியே ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும், அல்சர் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வியாசர்பாடிக்கார அம்மாவுக்குத் தொடையிடுக்கில் மூன்று வருஷமாகக் கட்டி வருவதும் வற்றுவதுமாக இருந்ததாம், பித்தவெடிப்பால் என்று விட்டுவிட்டார். லிம்போமா என்று ஒரே பெயரைச் சொல்கிறோமே தவிர, ஒன்று வாரத்தில் வளர்கிறது, இன்னொன்று வருஷக்கணக்கில் தூங்குகிறது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒரு மாலையில் எண்பது பேர் பார்க்கிறீர்கள், நூறு இருநூறு ரூபாய்க்கு. எல்லாருக்கும் பன்னிரண்டு நிமிஷம் கேட்டால் நான் பைத்தியக்காரி. எல்லாருக்கும் கேட்கவில்லை. ஒரே காய்ச்சலுக்கு மூன்றாவது தடவை வருகிறவருக்கு மட்டும் கொடுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகியும் வடியாத நெறியோடு வருகிறவருக்குக் கொடுங்கள், அது வலிக்கவில்லை என்றால் கட்டாயம் கொடுங்கள். வலி இல்லை என்றதும் எங்களுக்கு நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி, அங்கேதான் இரண்டு பேரும் ஏமாறுகிறோம். காறை எலும்புக்கு மேலே கட்டி இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், அனுப்பிவிடுங்கள்.

கட்டி இருக்கும்போது, அது என்னவென்று தெரிவதற்கு முன், ஸ்டீராய்டு எழுதுவதற்கு ஒரு நொடி யோசியுங்கள். டி.பி. என்று சந்தேகம் வந்தால் சளியையோ சதையையோ கிருமி இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு இப்போது சில மணி நேரத்தில் சொல்லும் இயந்திரமே அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. கிருமி கிடைக்காமலே மருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தால், ஆறு வாரமோ எட்டு வாரமோ கழித்து நீங்களே கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். டி.பி. கட்டியும் மருந்தின் நடுவில் சிலருக்குப் பெரிதாகும் என்று அந்த டாக்டரம்மாவே சொன்னார். அதனால் கட்டி வளர்ந்ததும் லிம்போமா என்று முடிவுகட்டச் சொல்லவில்லை. சந்தேகத்தைக் கைவிடாமல் வைத்திருங்கள் என்கிறேன். சீட்டில் எடையை எழுதுங்கள். எங்களைக் காப்பாற்றியது இரண்டு கிளினிக்கில் யாரோ ஒரு கம்பவுண்டர் எழுதிவைத்த 72-ம் 63-ம்தான்.

எங்கள் பக்கம் தப்பு இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஒரு வாரத்தில் குணமாகவில்லை என்றால் அடுத்த தெரு டாக்டர். புது டாக்டரிடம் பழைய சீட்டைக் காட்டமாட்டோம், அவர் கோபித்துக்கொள்வாரோ என்று. ‘சும்மா காய்ச்சல்தான் சார், ஊசி போட்டு விட்டுடுங்க’ என்று நாங்களே நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டு வருவோம். குடியை மறைப்போம். என் கடைக்கு வரும் பெண்களிடம் இப்போது ஒன்று சொல்கிறேன்: வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு இரண்டு கோடு நோட்டு வாங்கி, தேதி போட்டு, காய்ச்சல் எத்தனை, எடை எத்தனை, ராத்திரி எழுந்தாரா என்று எழுதிக்கொண்டே வாருங்கள் என்று. அளவு நோட்டு மாதிரிதான். சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு நோட்டை உங்கள் மேசைக்கு யாராவது கொண்டுவந்தால், ‘இதெல்லாம் எதுக்கும்மா’ என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

போன வாரம் இவருக்குச் சட்டை வெட்டினேன். கழுத்து 15½. இடுப்பு 38 ஆகிவிட்டது. அதற்கு நீங்கள் தாராளமாகத் திட்டலாம், நான் சொன்னால் கேட்பதில்லை.

இப்படிக்கு,
பெரம்பூர் தையற்காரி ஒருத்தி